குழாயை மூடுகிறவர்

அன்று அந்த அறையில் நான்கு பேர் இருந்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் மேலாளர். ஓரமாக, தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி மண்டோர். மேஸ்திரியை மலேசியாவில் அப்படித்தான் சொல்வார்கள். நாற்காலி இருந்தும் உட்காராமல் சின்னய்யா. எழுதுவதற்காக நான். இல்லாதவர்கள் முருகேசனும் பாண்டியும். இருவரும் அந்த நேரத்தில் வெயிலில் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். தங்கள் பிழைப்பும் சேர்ந்தே அந்த அறையில் முடிவாகிக்கொண்டிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. வராமல் போனது இன்னொன்றும் உண்டு. முந்தின நாள் மத்தியானம் பெய்திருக்க வேண்டிய மழை.

சின்னய்யா என்று நான் அவரைச் சொல்வது ரத்த உறவால் அல்ல. அவரும் அப்பாவும் சின்ன வயதில் ஒன்றாக ஆடு மேய்த்தவர்கள். எங்கள் ஊர் திருச்சுழியிலிருந்து நரிக்குடி போகிற பாதையில் உள்ளே தள்ளி இருக்கிறது. ஒரே தெருவில் மூன்று வீடு தள்ளி அவர் வீடு. வேறு எப்படிக் கூப்பிடுவது?

ஓடுகிற தண்ணீரைப் பார்த்தால் அவரால் சும்மா இருக்க முடியாது. அவரைப் பற்றிச் சொல்ல என்னிடம் இருப்பது இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து வந்தவை.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை, கிளம்ப உறுமிக்கொண்டிருந்த திருச்சுழி பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடினார். சுவரோரம் ஒரு குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்குத் திருகு இல்லை. கீழே கிடந்த குச்சியை ஒடித்து, துண்டு ஓரத்தைக் கிழித்துச் சுற்றி, குழாய் வாயில் இறுக்கி அடைத்துவிட்டுத் திரும்பினால் பஸ் போய்விட்டது. பஸ்ஸுக்குள் சின்னம்மாவும் கைக்குழந்தையும். டிக்கெட்டுக்கான காசு இவர் சட்டைப் பையில். சின்னம்மா கண்டக்டரிடம் கெஞ்சித் திருச்சுழி வரை போய், அங்கே இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறார். அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கியவரிடம், "எங்களவிட அந்தக் கொழாத்தேன் ஒங்களுக்குப் பெருசாப் போச்சாக்கும்" என்று கேட்டாராம். சின்னய்யா கோபப்படவில்லை.

"நீ எப்பிடியும் வீட்டுக்கு வந்துருவ. அந்தத் தண்ணி எங்கிட்டுப் போகும்?"

சின்னம்மா இதை ஊரில் யார் கேட்டாலும் சொல்வார். சொல்லும்போது சிரிப்பார். இப்போது சொல்வதில்லை.

அவருக்கு ஒன்றரை ஏக்கர் கரிசல் புஞ்சை. மானம் பார்த்த பூமி. கொத்தமல்லியும் குதிரைவாலியும் போடுவார். நடுவில் ஒரு கிணறு, அவரே ஆள் வைத்து வெட்டியது. மோட்டார் போட்டால் அரைமணி நேரம் ஓடும். அதன் பிறகு காற்றை இழுத்துக் கனைக்கும். அந்தக் கனைப்பு வருவதற்கு ஒரு நொடி முன்னால் எழுந்து போய் நிறுத்திவிடுவார். காதிலேயே தண்ணீரை அளப்பவர் என்று அப்பா சொல்வார். இன்னும் பத்தடி இறக்கினால் ஊற்று இருக்கிறது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அடியில் பாறை. வெடி வைத்து இறக்க வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். மலேசியாவுக்குப் போனது அந்தப் பத்தடிக்காகத்தான்.

ஏஜெண்ட் அவரைக் கொண்டுபோய் விட்ட இடம் கடலுக்குள் ஒரு தீவு. பெரிய விடுதி, அதை ஒட்டி கோல்ப் மைதானம். குளிர் நாட்டுக்காரர்கள் ஒரு வாரம், பத்து நாள் என்று விடுமுறைக்கு வருவார்கள். காலையில் பந்தடிப்பது, மத்தியானத்துக்கு மேல் ஊர் சுற்றிப் பார்ப்பது. சின்னய்யாவுக்குப் புல்தரைக்குத் தண்ணீர் விடுகிற வேலை. போய்ச் சேர்ந்த வாரம் அப்பாவுக்குப் போன் பண்ணினார்.

"ஏலே, இங்க புல்லுக்குத் தண்ணி பாச்சுறாகடா. ஆடு மாடு ஒண்ணும் உள்ள வரக்கூடாதாம். வளந்த புல்ல அறுத்துக் குப்பையில கொட்டுறாக."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அந்தப் பக்கம் சின்னய்யா சிரிக்கவில்லை என்று பிறகு சொன்னார்.

இரண்டு வருடம் கழித்து ஊரிலிருந்து முருகேசனும் பாண்டியும் போனார்கள். சின்னய்யா சொன்னார் என்ற ஒரே நம்பிக்கையில் ஏஜெண்டுக்குப் பணம் கட்டிப் போனவர்கள். முருகேசன் அம்மாவின் தோடு அதில் போனது. பாண்டி வீட்டில் ஆடுகளை மொத்தமாக விற்றார்கள். சின்னய்யாவோடு சேர்த்து மூவரும் ஒரே ஏஜெண்டின் ஆட்கள், ஒரே ஒப்பந்தம்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். மதுரையில் ஹோட்டல் டிப்ளமா படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். சின்னய்யா மண்டோரிடம் சொல்லி, மண்டோர் அலுவலகத்தில் சொல்லி, எனக்கும் அதே விடுதியில் வேலை கிடைத்தது. ஏஜெண்ட் வழியாக அல்ல, விடுதியே நேராக எடுத்துக்கொண்டது. விருந்தாளிகளை வேனிலும் படகிலும் கூட்டிப்போய் இடங்களைக் காட்டுகிற பிரிவில் உதவியாள். வெள்ளைச் சட்டை, பெயர்ப் பட்டை. என்னை முதல்முதலாக அந்தச் சட்டையில் பார்த்த அன்று சின்னய்யா என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு என் காலரில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டார்.

ஒரு விடுமுறை நாளில் மூவரையும் அருவிக்குக் கூட்டிப் போனேன். விருந்தாளிகள் பணம் கொடுத்துப் பார்க்கிற இடத்தை நம் ஆட்களும் பார்க்கட்டுமே என்று ஆசை. பாண்டியும் முருகேசனும் உடனே இறங்கிக் குளித்தார்கள். சின்னய்யா ஒரு பாறையில் உட்கார்ந்து மேலே பார்த்தார், கீழே பார்த்தார்.

"இம்புட்டும் எங்கப்பா போகுது?"

கடலுக்குத்தான் என்றேன்.

"மடை கிடை ஒண்ணும் கெடையாதா?"

இல்லை என்றேன். அவர் எழுந்து திரும்பி உட்கார்ந்துகொண்டார், அருவிக்கு முதுகைக் காட்டி. கிளம்புகிற வரை அப்படியேதான் இருந்தார். பாண்டி தண்ணீரிலிருந்து, "அண்ணே, நீங்க வேணா போய் அதையும் அடச்சிட்டு வாங்களேன்" என்று கத்தினான். சின்னய்யாவும் சிரித்தார். ஆனால் திரும்பவில்லை.

இனிச் சொல்லப்போவது என்னைப் பற்றியது. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது.

கடலில் குளித்துவிட்டு வருகிறவர்கள் உப்பையும் மணலையும் கழுவக் கரையில் வரிசையாகக் குழாய்கள் உண்டு. ஒரு நாள் ஒரு வெள்ளைக்காரர் தலையில் நுரையோடு கண்ணை மூடி நின்று தேய்த்துக்கொண்டிருந்தபோது, தண்ணீர் சும்மா கொட்டுகிறதே என்று சின்னய்யா போய்க் குழாயை மூடிவிட்டார். அந்த ஆள் தடவித் தடவித் திருகைத் தேடினார். நான் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். இவர் எங்கள் ஊர்க்காரர், எங்கள் ஊரில் மழை குறைவு, இவர் பழக்கம் இப்படி என்று இங்கிலீஷில் விளக்கினேன். பஸ் ஸ்டாண்டு கதையையும் சொன்னேன். அவர் சத்தமாகச் சிரித்து என் சட்டைப் பையில் ஒரு நோட்டை வைத்தார்.

மறுநாள் வேனில் அதே கதையைச் சொன்னேன். அடுத்த வேனிலும் சொன்னேன். நான் காட்டுகிற இடங்கள் வரிசையாக இருந்தன. கழுகுகள் மீனைக் கொத்தித் தூக்குகிற இடம், அலையாத்திக் காடு, வௌவால் குகை, அருவி. கடைசியில், விடுதிக்குத் திரும்பியதும், சின்னய்யா. அவர்கள் ஒரு குழாயைத் திறந்துவிட்டுத் தென்னைகளுக்குப் பின்னால் போனைப் பிடித்துக்கொண்டு ஒளிந்து நிற்பார்கள். எங்கே இருந்தாலும் அவர் வருவார். மூடுவார். சுற்றிலும் ஒருமுறை பார்ப்பார். யாராவது கண்ணில் பட்டால் தலையாட்டிச் சிரிப்பார். அவர்கள் கை தட்டுவார்கள்.

அது விளையாட்டு என்று அவருக்குத் தெரியாது. ஒரு சாயங்காலம் என்னிடம் வந்து, அக்கறையாகச் சொன்னார்.

"இந்த வெள்ளக்காரப் புள்ளைகளுக்கு மறதி சாஸ்திப்பா. தெறந்து விட்டது விட்டபடி போயிருதுக. நீ கூடப் போறவன்தான, கொஞ்சம் சொல்லக் கூடாதா?"

சொல்கிறேன் சின்னய்யா என்றேன். அன்றைக்குக் கிடைத்த நோட்டுகள் என் பையில் இருந்தன.

அந்த வருடம் மழை குறைகிற மாதங்களில் ஒரு பெரிய கூட்டம் வருவதாக இருந்தது. அறுபது பேர், ஒரு வாரத்துக்குக் கோல்ப் விடுமுறை. பந்து விழுகிற குழியைச் சுற்றி வட்டமாக, பாய் விரித்தது போல ஒட்ட வெட்டிய புல் இருக்கும். கிரீன் என்பார்கள். கடலைப் பார்த்த நான்கு கிரீன்களின் படத்தைப் போட்டுத்தான் அந்தக் கூட்டத்தையே பிடித்திருந்தார்கள். கூட்டம் வருவதற்கு மூன்று நாள் முன்னால் அந்த நான்குக்கும் மண்டோர் உரம் தூவச் செய்தார். உரம் மேலே கிடந்தால் புல் கருகிவிடும், தண்ணீர் விட்டுக் கரைத்து வேருக்கு இறக்க வேண்டும். தானாக ஓடுகிற தெளிப்பான் பழுதாகிக் கிடந்ததால் வால்வைக் கையால் திறந்து விடவேண்டியிருந்தது. தான் வந்து சொல்லுகிற வரைக்கும் மூடக்கூடாது என்று மண்டோர் சின்னய்யாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

தண்ணீர் ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஓரம் வழிந்து மணலில் இறங்கிக் கடலுக்குப் போகத் தொடங்கியது. அதைப் பார்த்தபடி ஒரு மனிதர் எவ்வளவு நேரம்தான் நிற்பார்? அப்போது மேற்கே மேகம் கட்டியது. நன்றாகக் கறுத்து, காற்றும் மாறியது. எங்கள் பக்கத்தில் உரம் போடுவதே அப்படித்தான். மேகம் இறங்கும்போது தூவிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம், மீதியை மழை பார்த்துக்கொள்ளும். வாசலில் மழையை வைத்துக்கொண்டு யாராவது தண்ணீர் பாய்ச்சுவார்களா?

வால்வை மூடிவிட்டு, மண்வெட்டியைக் கழுவிவிட்டு, நிம்மதியாகச் சாப்பிடப் போனார்.

மேகம் கரை ஏறவில்லை. கடலுக்குள்ளேயே பெய்து தீர்ந்துவிட்டது. மத்தியானத்துக்கு மேல் வெயில் சுள்ளென்று அடித்தது. மறுநாள் காலையில் நான்கு கிரீன்களும் தீப்பட்ட துணியைப் போல வட்டம் வட்டமாகப் பழுத்துக் கிடந்தன. ஓரமாகக் குத்தவைத்து, புல்லை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த சின்னய்யா, நான் பக்கத்தில் போனதும் நிமிராமலே சொன்னார்.

"நம்மூரு மேகம்னா நம்பிருக்க மாட்டேன்ப்பா. இந்த ஊரு மேகம்ல, ஏமாத்தாதுன்னு நெனச்சுட்டேன்."

வாழ்நாள் முழுக்கப் பொய் மேகங்களைப் பார்த்து வளர்ந்தவர். அவரைத் தவிர வேறு யாராவது ஏமாந்திருந்தால் எனக்கு இவ்வளவு கசந்திருக்காது.

அலுவலகத்துக்குப் போகும் வழியில் மண்டோர் என்னைத் தனியே நிறுத்தினார். பம்பு நின்றுபோய்விட்டது என்று எழுது என்றார். போன வாரம்கூட அது நின்றது, அதனால் யாரும் தோண்டிப் பார்க்கமாட்டார்கள். மேலாளருக்கு மேலே அனுப்ப ஒரு காகிதம் வேண்டும், அவ்வளவுதான். அந்த மனிதருக்கு எங்களோடு எந்த உறவும் இல்லை. காப்பாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

அறையில் மேலாளர் என்னிடம் தாளைத் தள்ளினார். சின்னய்யாவுக்காக நடந்ததை எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கச் சொன்னார். எனக்கு அடுத்த மாதம் முழு வழிகாட்டியாகப் பதவி உயர்வு என்று பேச்சு இருந்தது. பொய் எழுதி, பிறகு அது தெரிந்துபோனால்? அதைத்தான் முதலில் நினைத்தேன். உண்மையைத்தானே எழுத வேண்டும், படித்தது அதற்குத்தானே என்று நினைத்தது அதற்குப் பிறகுதான். அந்த வரிசையை நான் மாற்றிச் சொல்ல விரும்பவில்லை.

மேற்பார்வையாளர் சொன்னதை மீறித் தானாகவே வால்வை மூடினார் என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவருக்குச் சாதகமாக இருக்கும் என்று ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தேன். கெட்ட எண்ணம் இல்லை, எங்கே தண்ணீர் ஓடினாலும் மூடிவிடுவது இவருடைய வழக்கம், எங்கள் ஊரில் பலரும் இப்படித்தான்.

சின்னய்யா பேனாவை வாங்கிக்கொண்டு கேட்டார். "என்னப்பா எழுதிருக்க?"

"நடந்ததத்தான் சின்னய்யா."

"அப்பச் சரி. நீ படிச்ச புள்ள. நீ எழுதுனா சரியாத்தேன் இருக்கும்."

எழுத்து எழுத்தாகத் தமிழில் கையெழுத்துப் போட்டார். மண்டோர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மேலாளர் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் இன்னொரு முறை படித்தார். குழாய்களை மூடிக்கொண்டு திரிகிறாரே, விருந்தாளிகள் படம் பிடிப்பார்களே, அந்த ஆள்தானே இவர் என்று என்னிடம் கேட்டார். அந்த விடுதி முழுக்க அவரைப் பிரபலமாக்கியவன் நான்தானே. ஆமாம் என்றேன். இது ஒரு நாள் தவறு இல்லை, வழக்கம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அந்த ஊர்க்காரர்கள் பலருக்கும் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள் என்றார். தண்ணீர் வேலைக்கு இப்படிப்பட்டவர்கள் வேண்டாம். அந்த ஏஜெண்டின் ஆட்கள் மூன்று பேரையும் ஒப்பந்தத்தை முடித்து அனுப்பிவிடலாம். கோபமே இல்லாமல், பழுதான குழாயை மாற்றச் சொல்வது போலச் சொன்னார். முருகேசனும் பாண்டியும் வால்வு இருக்கிற பக்கமே போனதில்லை என்று நான் சொன்னேன். சொன்னேன் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. நான் விடுதியின் ஆள் என்பதால் என்னைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

அவர்களைப் படகுத் துறைக்கு அனுப்பிய அதே காலையில்தான் அந்த அறுபது பேரும் வந்து இறங்கினார்கள். பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். ஒரு பக்கம் கோல்ப் பைகளைத் தள்ளிக்கொண்டு அவர்கள் வர, மறுபக்கம் மூன்று பேரும் துணி மூட்டையோடு போனார்கள். முருகேசன் என் பக்கம் பார்க்கவில்லை. பாண்டி பார்த்தான். பார்த்துக்கொண்டே, கொச்சையாக ஒரு வார்த்தை சொன்னான். சின்னய்யா மட்டும் என்னிடம் வந்தார்.

"வாரேன்ப்பா. நல்லா இருக்கன்னு ஒங்கப்பாட்ட சொல்லிர்றேன்."

படகில் ஏறுவதற்கு முன்னால் துறையோரம் சொட்டிக்கொண்டிருந்த ஒரு குழாயை இறுக்கி மூடிவிட்டுப் போனார். எனக்குப் பக்கத்தில் நின்ற விருந்தாளிப் பெண் அதைக் கவனித்து, யார் அது என்று கேட்டார். தெரியாது என்றேன்.

கருகிய கிரீன்களை என்ன செய்தார்கள் தெரியுமா? பச்சைச் சாயம் அடித்தார்கள். அதற்கென்றே ஒரு சாயம் இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நான்கு நாள் கழித்து அந்தக் கூட்டத்தில் ஒருவர், இப்படி ஒரு பச்சையை வேறெங்கும் பார்த்ததில்லை என்று என்னிடம் சொன்னார்.

எட்டு மாதம் கழித்து லீவில் ஊருக்கு வந்தபோது மீதியை அம்மா சொன்னார். முருகேசன் அம்மா சின்னய்யா வீட்டு வாசலில் நின்று மூன்று நாள் மண்ணை வாரித் தூற்றியிருக்கிறார். பாண்டியின் அப்பா கோயில் கொடை விழாவில் அவர் வீட்டு வரியை வாங்க மறுத்திருக்கிறார். சின்னம்மா தண்ணிக் குடத்தோடு போனால் வரிசையில் மற்ற பெண்கள் விலகி நின்றார்கள். சின்னய்யா யாருக்கும் ஒரு பதிலும் சொல்லவில்லை. நடுத்தெருவில் யாரோ என் பேச்சை இழுத்து, "படிச்சவன் மட்டும் தப்பிச்சுக்கிட்டானாக்கும்" என்று கேட்டதற்கு மட்டும், அவனை ஒண்ணும் சொல்லாதீக என்றாராம்.

பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டோரம் லாரி கழுவுகிற ஷெட்டில் அவர் வேலை பார்ப்பதாகச் சொன்னார்கள். போனேன். ஒரு லாரியைக் கழுவி அனுப்பிவிட்டு, கவிழ்த்துப் போட்ட டிரம் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். தண்ணீர்க் குழாய் தரையில் கிடந்தது. அதன் வாயிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கரி எண்ணெய்ச் சேற்றில் கலந்து, ரோட்டோரப் பள்ளம் வரை போய்த் தேங்கி நின்றது.

நலம் விசாரித்தார். பதவி உயர்வு வந்ததா என்று கேட்டார். வந்தது என்றேன். சொல்ல வந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று, அந்தக் காகிதத்தில் கடைசியில் ஒரு வரி எழுதினேன் சின்னய்யா என்று ஆரம்பித்தேன். அவர் டீயைக் குடித்து முடித்தார்.

"படிச்சவன் எழுதுனது. சரியாத்தேன் இருக்கும்."

கிட்டத்தட்ட அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தைகள். அன்றைக்கு அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து குழாயை மூடப் போனேன்.

"கெடக்கட்டும் விடுப்பா. யாரு வீட்டுத் தண்ணியோ."

கையை எடுத்துவிட்டேன். கொஞ்ச நேரம் இருவரும் அந்தத் தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவராகவே புஞ்சையைப் பற்றிச் சொன்னார், யாரோ ஒருவருடைய நிலத்தைப் பற்றிச் சொல்வதைப் போல. வாங்கினவர் வெடி வைத்து எட்டடி இறக்கினாராம். ஊற்று இருந்ததாம். இப்போது மோட்டார் காலையிலிருந்து மத்தியானம் வரை நிற்காமல் ஓடுகிறதாம். முருகேசனும் பாண்டியும் ஏஜெண்டுக்குக் கட்டியது ஆளுக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம். அவர்கள் கேட்கவில்லை, இவராகவே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். புஞ்சையும் கிணறும் சேர்ந்து போனது அதே விலைக்குத்தான், மூன்று லட்சத்து அறுபதாயிரம் ரூபாய்.